தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு

2021 கடைசியில் பங்சார் சவுத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வேலை, இன்வாய்ஸ் பார்ப்பது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவு வேலையைக் கோலாலம்பூரில் உட்கார்ந்து செய்து கொடுக்கும் இடம் அது. கெரிஞ்சி எல்.ஆர்.டி.யில் இறங்கினால் அந்த மாதிரிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். எனக்கு விழுந்தது இங்கிலாந்து. மாலை 4 மணிக்கு ஷிஃப்ட், அங்கே அப்போது காலை 9. குளிர்காலம் வந்துவிட்டால் நமக்கு 5 மணி. நடுராத்திரிக்கு மேல் கம்பெனி வேன் செந்தூலில் இறக்கிவிடும்போது, மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுகிற தம்பி மட்டும்தான் விழித்திருப்பான்.

கிளையன்ட் ஒரு வீட்டு நிர்வாகக் கம்பெனி என்றார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டு வாடகை, புல் வெட்டியது, பூட்டு மாற்றியது, வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் பழுது, மெத்தை வாங்கியது என்று பில்லாக வரும். மூன்று வாரம் கழித்துத்தான் ஒரு பில்லில் கண் நின்றது. அளவு என்ற கட்டத்தில் 'தலைக்கு, இரவுக்கு' என்று போட்டிருந்தது. ஹோட்டல் பில் என்றால் அறைக்கு இவ்வளவு என்றுதானே இருக்கும்? பக்கத்து மேசைச் சீனியரைக் கேட்டேன்.

"அசைலம் கேட்டு வந்தவங்க தங்குற இடம் லா. கவர்மெண்டு காசு," என்றார், ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. அவர் பேராக்கில் ஒரு ரப்பர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். கங்காணியைப் பற்றிப் பேச்சு வந்தால் தலைக்காசைப் பற்றியும் சொல்லாமல் விட மாட்டார். காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் நேரத்தில், எத்தனை தலை வேலைக்கு நிற்கிறதோ அத்தனைக்குக் கங்காணிக்குக் காசு. ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தவரும் அவர்தான், லயத்தில் யாருக்கு எந்த அறை என்று சொல்பவரும் அவர்தான். 1938-இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு அந்த முறை போயிற்று என்றுதான் படித்திருக்கிறோம். என் ஸ்கிரீனில் அது பவுண்டில் வந்து நின்றது.

அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் அடைக்கலம் கேட்டு வந்தவர், கையில் வழி இல்லை என்றால், விசாரணை முடியும்வரை தங்க இடமும் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணமும் அரசாங்கம் தரும். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எந்த ஊர், எந்த வீடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. 2012-இல் இந்த வீட்டு வேலையை மொத்தமாக மூன்று நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். 2019 செப்டம்பரிலிருந்து 10 ஆண்டுக்குப் புது ஒப்பந்தம்: செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் ரெடி ஹோம்ஸ். நாட்டை 7 வட்டாரமாகப் பிரித்து இந்த மூன்றும் எடுத்துக்கொண்டன. இவர்களுக்குக் கீழே வீட்டுக்காரர்கள், ஏஜெண்டுகள், ஹோட்டல்கள், பிளம்பர்கள். எங்கள் கிளையன்ட் அந்த ஏணியில் எங்கேயோ நடுப்படியில் இருந்தது. நடுப்படிக்கும் கீழே, 10,000 கிலோமீட்டர் தள்ளி, நான்.

அந்த 10 ஆண்டுக்கு 450 கோடி பவுண்டு ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டிருந்தார்கள். 2025 மே மாதம் அந்நாட்டு தேசியத் தணிக்கை அலுவலகம் 1,530 கோடி ஆகும் என்றது. பெரிய காரணம் ஹோட்டல். தங்கவைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 35 சதவீதம் பேர்தான் ஹோட்டலில் இருந்தார்கள், ஆனால் 2024-25 ஆண்டுச் செலவில் 76 சதவீதம் அங்கே போயிற்று. அதே அறிக்கை, ஒப்பந்தத்தின் முதல் 5 ஆண்டில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 38 கோடியே 30 லட்சம் பவுண்டு லாபம் பார்த்தன என்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஹோட்டல் பில் எவ்வளவு சுலபமாகப் போகும் என்று என் விரலுக்குத் தெரியும். ஒரே வெண்டர், ஒரே பி.ஓ. (நாங்கள் கொடுக்கும் ஆர்டர்) நம்பர், மாதம் ஒரு பில், பின்னால் ஒரு எக்செல். சிஸ்டம் தானாகவே பொருத்திப் பச்சை விளக்குக் காட்டும். லட்சக்கணக்கான பவுண்டு இரண்டு நாளில் பாஸாகிவிடும்.

186 பவுண்டு பாய்லர் பில் ஒன்று இருந்தது. அது மூன்று மாதம் நின்றது.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன பிளம்பிங் கடை, அப்பனும் மகனும் நடத்துவது போலிருக்கும், பில்லைக் கையால் எழுதி போட்டோ பிடித்து அனுப்புவார்கள். எங்கள் முறைப்படி மூன்று பேப்பர் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும்: வேலை கொடுத்த பி.ஓ., வேலை முடிந்தது என்ற குறிப்பு, பில். முதல் தடவை பி.ஓ. நம்பர் இல்லை. நான்தான் திருப்பினேன். காரணப் பட்டியலில் 'பி.ஓ. இல்லை' என்பதைக் கிளிக் செய்தால் ஒரு மெயில் தானாகப் போகும், என் பெயர்கூட அதில் இருக்காது. இரண்டாம் தடவை பி.ஓ. வந்தது, வாட் வரி சேர்க்காமல் போட்டிருந்தார்கள், தொகை இடித்தது. திருப்பினேன். மூன்றாம் தடவை எல்லாம் சரி, ஆனால் அதற்குள் அந்த வீட்டின் குறியீட்டை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். சிஸ்டம் அந்த வீட்டையே தெரியாது என்றது. திருப்பினேன்.

நான்காவது மெயிலில் பில் இல்லை. இரண்டு வரிதான். பழைய பாக்கி வராமல் உங்கள் வேலைக்கு ஆள் அனுப்ப மாட்டோம், இன்று காலை வந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஹீட்டர் இல்லாமல் 6 நாள் ஆகிறதாம், அதற்கும் போகமாட்டோம்.

தேதி ஜனவரி. நான் சுவெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆபீஸ் ஏர்கோன் குளிர் தாங்காமல்.

அந்த மாதம் எங்கள் டீமுக்கு விருது வந்தது. தவறாகப் பாஸ் செய்த பில் ஒன்றுகூட இல்லை என்று. நான் திருப்பிய மூன்றும் அந்தக் கணக்கில் நல்லது பக்கம்தான் ஏறியிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் காசு திருடவில்லை. பாய்லரைச் சரி செய்யத் தெரிந்தவனிடம் பணம் இல்லை, பணம் வைத்திருந்தவன் கண்ணில் பாய்லர் படவில்லை, இடையில் இருந்த எங்களுக்கு இரண்டும் படவில்லை. பேப்பர் மட்டும் பட்டது.

இந்த வேலையில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். திருப்புவதற்கு முன் ஒரு போன். அன்று டீம் லீடரிடம் கெஞ்சி, அந்தக் கடைக்கு நேராகப் பேசினேன், 11 நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு 250 பவுண்டுக்குள் இருக்கும் பழுதுப் பில்களுக்கு முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு பேப்பரைச் சேர்ப்போம் என்று ஒரு மனு எழுதினேன். எழுதும்போது இரக்கத்தைப் பேசவில்லை, அது அங்கே எடுபடாது. ஒரு பில்லைத் திருப்பி எடுக்க எங்கள் மூன்று பேர் நேரம் எவ்வளவு போகிறது, அதன் செலவு பில்லில் பாதியைத் தாண்டுகிறது என்று மட்டும் காட்டினேன். ஐந்து மாதம் கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

செந்தூலில் எங்கள் பிளாட்டில் மேல் மாடியில் ஒரு முல்லைத்தீவு அக்கா இருக்கிறார். அகதி என்று யூ.என். கொடுத்த கார்டு வைத்திருப்பவர், பன்னிரண்டு வருஷமாக இங்கே. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று ஒரு ஆளே கிடையாது. அதனால் அரசாங்க வீடும் இல்லை, அதை நடத்த ஒப்பந்தமும் இல்லை. அக்கா தானே வீடு தேடி, இரண்டு மாத டெபாசிட்டும் அரை மாத யூட்டிலிட்டியும் கட்டி, தையல் தைத்து வாடகை கொடுக்கிறார். சட்டவிரோதமாக இருப்பவரைத் தங்க வைத்தால் வீட்டுக்காரர் மேல் அந்தச் சட்டத்தின் 55E பிரிவு பாயும், அதைக் காரணம் காட்டி முந்தின வீட்டுக்காரர் டெபாசிட்டைத் தராமலே வெளியே அனுப்பினாராம். இப்போதைய வீட்டுக்காரர் ஒரு பஞ்சாபிப் பெரியவர். பம்ப் கெட்டால் அக்கா ஒரு வாட்ஸ்ஆப் போடுவார், மறுநாள் பெரியவரே ஸ்பேனரோடு வந்து நிற்பார். நம் நாட்டு முறை நல்லது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பெரியவர் நாளைக்குக் கண்ணை மூடினால் அக்காவுக்கு எதுவும் இல்லை.

அந்த அக்காவின் தங்கை இங்கிலாந்தில். முதலில் ஒரு ஹோட்டலில் வைத்திருந்தார்கள், பிறகு வடக்கே ஏதோ ஒரு ஊரில் இன்னும் மூன்று குடும்பத்தோடு ஒரே வீடு. ஒருநாள் அக்கா படியிறங்கி வந்தார்.

"தங்கச்சி வீட்டில ஹீட்டர் வேலை செய்யேல்லை. போன் அடிச்சா ஒருத்தரும் எடுக்கினமில்லை. நீங்கள் வேலை செய்யிறது அந்தக் கொம்பனிதானே? ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோவன்."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. எங்கள் கிளையன்டின் வீடா அது, எனக்குத் தெரியாது. தபால் குறியீட்டைப் போட்டால் இரண்டு வினாடியில் தெரிந்துவிடும். போடவில்லை. வெளியாள் விவரத்தைத் தேடினால் வேலை போகும் என்ற பயம் பாதி. தேடி, அது எங்கள் வீடாகவே இருந்து, அதில் ஒரு பில்லை நானே திருப்பியிருந்தால் என்ன செய்வது என்ற பயம் மீதி.

பதிலாக, உள்ளே இருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். அங்கே சொந்தக்காரர்கள் இருக்கும் எல்லாருக்கும் இது உதவும்.

வீட்டைப் பார்க்க வரும் ஆளிடம் வாயால் சொன்னது சொன்னதாகாது. பழுதுக்கும் புகாருக்கும் மைக்ரண்ட் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி இருக்கிறது, வீட்டுக் கம்பெனிக்குப் புகார் அதன் வழியாகத்தான் போகும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே கேட்கவேண்டும். காத்திருக்க நேரும், சார்ஜ் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். பேசி முடித்தால் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டு வாங்கவேண்டும். நம்பர் இல்லாத புகார் நடக்காத புகார். மறுபடி அடிக்கும்போது புதுப் புகாராக்க விடாமல் பழைய நம்பரைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நாள் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 'வீடு குளிருது' என்று சொன்னால் அது சாதாரணப் பழுது. 'ஹீட்டரும் சுடுதண்ணியும் அறவே இல்லை, வீட்டில் 2 வயதுப் பிள்ளை இருக்கிறது, இன்று மூன்றாம் நாள்' என்று சொன்னால் வேறு வரிசையில் விழும். பாய்லரின் திரையில் ஏதாவது எழுத்தோ எண்ணோ மின்னினால் அதைப் போட்டோ எடுத்து வைக்கவேண்டும், பிளம்பர் சரியான சாமானோடு வருவான். நான் பார்த்த பில்களில் பாதி இரண்டாவது வருகைக்கானது, முதல் வருகையில் சாமான் இல்லை.

தங்கை பயந்தாராம். புகார் கொடுத்தால் கேஸைப் பாதிக்குமோ என்று. இரண்டும் வேறு வேறு மேசை, வீட்டுப் பழுதைச் சொல்வதால் அடைக்கல மனு கெடாது என்று நான்கு முறை சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பயத்தையும் குறை சொல்ல முடியாது. 2016 ஜனவரியில் மிடில்ஸ்பரோ என்ற ஊரில் இப்படிப்பட்ட வீடுகளின் கதவெல்லாம் பெரும்பாலும் சிவப்பு என்று பத்திரிகையில் வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அடித்ததில்லை, மொத்தமாக வாங்கிய பெயிண்ட் என்றார்கள். ஆனால் ஊரில் எல்லாருக்கும் எந்த வீடு என்று தெரிந்துபோய், கதவில் முட்டை வீசினார்கள். பிறகு வேறு நிறம் அடித்தார்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எந்தக் கணக்குப் பிரிவோ ஒப்புதல் கொடுத்திருக்கும். நானாக இருந்தாலும் பாஸ் செய்திருப்பேன்.

இதெல்லாம் தெரிந்தும் என் தம்பியைத் தடுக்க முடியவில்லை.

2022-இல் செகாம்புட்டில் கடைவீட்டு மேல் மாடிகள் இரண்டை எடுத்து, தொழிற்சாலை ஆட்கள் தங்கும் ஹாஸ்டல் நடத்தப் போகிறேன் என்றான். 60 பேர், நேப்பாளமும் வங்காளதேசமும். தொழிற்சாலை ஒரு பெரிய பராமரிப்புக் கம்பெனிக்குக் கொடுத்தது, அது இன்னொருவருக்கு, அவர் என் தம்பிக்கு. "அக்கா, ஒரு தலைக்கு நாளுக்கு 5 ரிங்கிட். அறுபது தலை. மாசம் 9,000. கணக்குப் பாருங்க."

கணக்குப் பார்த்தேன். நல்ல கணக்குதான், அறுபது தலையும் இருக்கிறவரை. நான்காவது மாதம் ஆர்டர் குறைந்து 38 ஆனது. 5,700 ரிங்கிட். கடைவீட்டு வாடகையோ அசையாமல் நின்றது. தலைக்குக் காசு என்று கையெழுத்துப் போட்டால் காலிக் கட்டிலின் நஷ்டம் கடைசிப் படியில் இருப்பவனுக்கு. குறைந்தது இத்தனை தலைக்கு, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காசு உண்டு என்று ஒரு வரி போட்டிருந்தால் பிழைத்திருப்பான். கேட்கக் கூச்சப்பட்டான்.

பிறகு ஆள் திரும்ப வந்தது, இந்த முறை கூடுதலாக. மேலே இருந்தவர் போனில், "ஒரு ரூமுக்கு இன்னொரு கட்டில் போடு, என்ன ஆகிவிடும்?" என்றார். அறை 12 அடிக்கு 14 அடி. தொழிலாளர் தங்குமிடச் சட்டம், நாம் ஆக்டா 446 என்கிறோமே, 1990-இல் எஸ்டேட்டுக்கும் சுரங்கத்துக்கும் என்று போட்டதை 2019-இல் திருத்தி 2020 ஜூன் 1 முதல் எல்லாத் தொழிலுக்கும் விரித்தார்கள். விடுதி மாதிரி இடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் தூங்க இடம். 15 பேருக்கு ஒரு கழிவறை. மெத்தை 4 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. நான் போனில் கால்குலேட்டரைத் தட்டினேன்: 15.6 சதுர மீட்டர், ஐந்து பேர். ஆறாவது கட்டில் சட்டத்துக்கு வெளியே.

தம்பி போட்டான். இரண்டு மாதம் அந்தக் கட்டில் கிடந்தது. நான் கண்டுகொள்ளாமல் இருந்தேன், காலி மாதங்களுக்குக் கொடுத்த கடன் என்னுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. மெத்தைகளில் கடை பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. கறை பட்டால் பிடித்துக்கொள்வார்கள் என்று தம்பிதான் கிழிக்க வேண்டாம் என்றிருக்கிறான். ஒரு நேப்பாளப் பையன் புரண்டு படுத்தான், கரகரவென்று சத்தம், தூக்கத்திலேயே கையால் பிளாஸ்டிக்கை முதுகிலிருந்து விலக்கினான். உறை முதுகு வடிவத்துக்கு வேர்த்து ஒட்டியிருந்தது. நான்கு கழிவறையில் ஒன்று பூட்டு போட்டுக் கிடந்தது. ஃப்ளஷ் உடைந்து மூன்று வாரம், 140 ரிங்கிட் செலவு, மேலே ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறானாம்.

"ஒப்புதல் வர்றதுக்கு முன்னால நீயே செஞ்சா என்னடா?"

"செஞ்சா காசு வராது அக்கா. பேப்பர் இல்லாம செஞ்சீங்கன்னு திருப்பிடுவாங்க."

என்னிடம் போய்ச் சொல்கிறான்.

அன்று ஒரு பிளேடு வாங்கி நானும் அவனும் எல்லா உறையையும் கிழித்தோம். ஃப்ளஷ்ஷுக்கு நான் காசு கொடுத்தேன். ஆறாவது கட்டிலை மடித்துக் கீழே இறக்கினோம், அதற்காக மேல்படியில் இருந்தவர் அந்த மாதப் பணத்தில் 'சேவைக் குறை' என்று ஒரு தொகையைப் பிடித்தார். எதற்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பது ஒப்பந்தத்தின் கடைசி இணைப்பில் இருந்தது, அவன் முதல் பக்கத்தை மட்டும் படித்திருந்தான். இந்த மாதிரித் தொழிலுக்குப் போகிறவர்கள் கடைசி இணைப்பிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். 200, 300 ரிங்கிட்டுக்குள் பழுது என்றால் ஒப்புதல் கேட்காமல் செய்யலாம், பில் காட்டினால் பணம் வரும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் கையெழுத்துப் போட்டால், பூட்டிய கழிவறை ஒன்று நிச்சயம் வரும். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் இறங்காதீர்கள். தங்குமிடச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள், அதிகாரி டேப்போடு வந்து நிற்கும் நாளில் ஏணியின் மேல்படிக்காரர்கள் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

ஒரு வருஷத்தில் தம்பி விட்டுவிட்டான். இப்போது கிரேப் வாடகைக் கார் ஓட்டுகிறான். கடனில் பாதி வந்திருக்கிறது. நானும் 2024-இல் அந்த வேலையை விட்டேன், வேறு காரணத்துக்காக, அதைத் தியாகம் மாதிரிச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அக்காவின் தங்கைக்கு ஹீட்டர் ஒன்பதாம் நாள் சரியானது. சரியாகி ஒரு மாதத்தில் சாமானைக் கட்டச் சொல்லி வேன் வந்துவிட்டது, வேறு ஊர், வேறு வீடு. அந்த வீட்டில் கூரை ஒழுகுகிறதாம். அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் மளிகைக் கடை கொடுத்த முருகன் நாட்காட்டி தொங்குகிறது. தேதிக் கட்டங்களில் பென்சிலால் நீள நீளமாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இங்கிலாந்து நேரம். சரியானதை அக்கா கோடு போட்டு அடிப்பார். போன வாரம் உப்பு வாங்கப் போனபோது எண்ணினேன். பதினொன்றில் நான்கு அடிபட்டிருந்தன.